நான் கையெழுத்துப் போட்ட ஒரு சர்டிஃபிகேட்டும் 'விசாரணை' படமும்



போன வாரம் நைட் டூட்டி முடிச்சு வந்து, தூக்கம் வராம 'விசாரணை' படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 2016 பிப்ரவரியில ரிலீஸ் ஆனப்ப தியேட்டர்ல பார்க்கப் போயி, இடைவேளையிலேயே எழுந்து வந்தவன் நான். "அடிக்கிற சீனெல்லாம் மனசு தாங்கல"ன்னு வீட்ல சொல்லிச் சமாளிச்சேன்.

டெய்லி ரத்தத்தைப் பார்க்கிற டாக்டருக்கு மனசு தாங்கலையாம்! உண்மையான காரணம் வேற. அதைச் சொல்லத்தான் இந்த நீளமான திரெட். கொஞ்சம் பொறுமையா படிங்க. சினிமா, மருத்துவம், சட்டம் மூணும் இதுல வரும். என்னோட ஒரு தப்பும் வரும்.

படத்தைப் பார்க்காதவங்களுக்குக் கதை சுருக்கமா: ஆந்திராவுல குண்டூருக்குப் பிழைக்கப் போன தமிழ்ப் பசங்க நாலு பேர். வாடகை மிச்சம் பிடிக்க பார்க்லயே படுத்துத் தூங்கறவங்க. ஒரு பெரிய மனுஷர் வீட்ல திருட்டு நடக்குது. கேஸை சீக்கிரம் முடிக்கணும்னு மேலிடத்துப் பிரஷர். யாராவது ஒப்புக்கணும். கேட்க ஆளில்லாத, பாஷை தெரியாத இந்த நாலு பேரும் கிடைச்சாங்க. அவ்வளவுதான்.

கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தனக்கு நடந்ததை வச்சு எழுதின 'லாக்கப்' நாவல்தான் படத்துக்கு அடிப்படை. வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போச்சு, தேசிய விருது வாங்குச்சு, ஆஸ்கருக்கு இந்தியா சார்பா அனுப்பப்பட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

எனக்கு அந்தப் படத்துல முக்கியமான சீன் அடிக்கிற சீன் இல்லீங்க. கோர்ட் சீன். நீதிபதி கேட்கிறது பசங்களுக்குப் புரியல. பசங்க சொல்றது நீதிபதிக்குப் புரியல. வேற வேலையா அங்க வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர், சமுத்திரக்கனி, அவங்க சொல்றதை மொழிபெயர்த்துச் சொல்றார். அந்தச் சில நிமிஷத்துல கேஸே மாறிடுது. வெளியே விட்டுடறாங்க.

யோசிச்சுப் பாருங்க. அத்தனை நாள் வாங்கின அடி, அத்தனை கதறல் எதுக்கும் பலன் இல்லை. இந்தப் பக்கம் நடந்ததை அந்தப் பக்கம் புரியற மாதிரி சொல்ல ஒரே ஒரு ஆள் கிடைச்சதும் கதவு திறந்துடுச்சு.

நிஜத்துல அந்த மொழிபெயர்ப்பாளர் வேலையைச் சட்டம் ஒருத்தர்கிட்ட கொடுத்திருக்கு. யார்கிட்ட தெரியுமா? கேஷுவாலிட்டில உட்கார்ந்திருக்கிற டூட்டி டாக்டர்கிட்ட.

கைதானவர் பயத்துல வாயைத் திறக்க மாட்டார். ஆனா அவர் உடம்பு பேசும். அந்த உடம்பு சொல்றதை நீதிபதிக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டியவர் டாக்டர். இப்ப என் கதைக்கு வர்றேன்.

அந்தப் படம் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி. ஒரு அரசு மருத்துவமனையில நான் ஜூனியர். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வெளியே ஒரு பஸ் விபத்து கேஸ், உள்ளே விஷம் குடிச்ச ஒரு பொண்ணு, நெஞ்சுவலியோட ஒரு பெரியவர். நடுவுல ரெண்டு போலீஸ்காரங்க ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து மெமோவை நீட்டினாங்க. "ரிமாண்ட் சார். ஃபிட்னஸ் மட்டும் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா காலைல மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூணு வயசு இருக்கும். செல்போன் திருட்டுக் கேஸ். பல்ஸ் பார்த்தேன், கொஞ்சம் வேகமா இருந்தது. பி.பி. ஓகே. "உடம்புல ஏதாவது அடி கிடி இருக்கா தம்பி?"ன்னு கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கல. பக்கத்துல நின்ன ஏட்டைப் பார்த்தான். "இல்ல சார்."

"காயம் எதுவும் இல்லை, உடல் தகுதியாக உள்ளார்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் வச்சேன். மொத்தம் மூணு நிமிஷம். சட்டையைக் கழட்டச் சொல்லல.

ரெண்டு விஷயத்தை அன்னிக்கு என் கண்ணு பார்த்துச்சு, மூளை பார்க்கல. ஒண்ணு, அவன் பாதத்தை முழுசா ஊன்றாம ஓரத்துல நடந்தான். ரெண்டாவது, போகும்போது "தண்ணி கிடைக்குமா சார்"னு கேட்டு, நர்ஸ் சிஸ்டர் கொடுத்த பாட்டிலை ஒரே மூச்சுல காலி பண்ணினான்.

நாலு நாள் கழிச்சு அவனை மறுபடியும் பார்த்தேன். மெடிக்கல் வார்டுல. கையில விலங்கு, கட்டிலோட சேர்த்து. முகம் வீங்கியிருந்தது. சிறையில இருந்து அனுப்பியிருந்தாங்க. ரெண்டு நாளா சிறுநீர் சரியா போகல. அதுக்கு முன்னாடி கறுப்பு டீ மாதிரி போச்சாம்.

புரட்டிப் படுக்க வச்சுப் பார்த்தோம். முதுகுல இருந்து தொடை வரைக்கும் பச்சையும் பழுப்புமா மங்கின கன்றிப்போன தழும்புகள். சில இடத்துல ரெண்டு ரெண்டு கோடா, தண்டவாளம் மாதிரி.

இங்க கொஞ்சம் மருத்துவம் பேசிடலாம். இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது.

லத்தி மாதிரி உருண்டையான கம்பு உடம்புல வேகமா படும்போது, கம்பு பட்ட நடுப்பகுதியில இருக்கிற ரத்தம் ரெண்டு பக்கமும் தள்ளப்படும். அதனால நடுவுல வெளிறி, ரெண்டு ஓரத்துலயும் கோடு விழும். 'டிராம் டிராக்' காயம்னு தடயவியல் புத்தகத்துல படிப்போம். கீழே விழுந்தா இப்படி வராது.

கன்றிப்போன காயத்தோட நிறம் நாள் போகப் போக மாறும். முதல்ல சிவப்பு, அப்புறம் நீலம், பழுப்பு, பச்சை, மஞ்சள்னு போய் மறையும். மணிக்கணக்கு துல்லியமா சொல்ல முடியாது. ஆனா பச்சையும் மஞ்சளுமா இருக்கிற காயம் நேத்து ராத்திரி பட்டது இல்லைன்னு தைரியமா சொல்லலாம்.

உள்ளங்கால்ல அடிச்சா வெளியே பெருசா தெரியாது. தோல் தடிமன். ஆனா ஊன்றி நடக்க முடியாது. ஓரத்துல நடப்பாங்க.

எல்லாத்தையும் விட முக்கியமானது: பெரிய தசைகள்ல தொடர்ந்து அடி விழுந்தா தசைநார்கள் நசுங்கும். உள்ளே இருக்கிற மயோகுளோபின்ங்கிற புரதம் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். பொட்டாசியமும் கூடவே வெளியே வரும். ராப்டோமயோலிசிஸ்னு பேரு. நசுங்கின தசை தண்ணியை உறிஞ்சுக்கும், அதனால தாகம் எடுக்கும். சிறுநீர் டீ நிறத்துல வரும். பொட்டாசியம் எல்லை மீறினா இதயம் நின்னுடும்.

"கைதிக்குத் திடீர் நெஞ்சுவலி"ன்னு செய்தி படிக்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க. எல்லாமே இப்படித்தான்னு நான் சொல்லல. ஆனா முதுகுல அடிச்ச அடி, கிட்னி வழியா போய் இதயத்தை நிறுத்த முடியும். தலையில அடிபடவே தேவையில்லை.

அந்தப் பையன் பொழைச்சுக்கிட்டான். பல தடவை டயாலிசிஸ் பண்ணினோம். மூணாவது வாரம் சிறுநீர் நல்லா பிரிய ஆரம்பிச்சது.

ஒரு நாள் வார்டு வாசல்ல அவங்க அம்மா என்னை நிறுத்தினாங்க. கையில வக்கீல் யாரோ எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ். "இதுல இருக்கிறது உங்க கையெழுத்தா சார்?"

ஆமான்னேன்.

"அன்னிக்கு நல்லா இருந்தான்னு எழுதியிருக்கீங்களாம். அப்ப அடி எங்க சார் பட்டுச்சு?"

அவங்க கோபமா கேக்கலீங்க. அதான் கஷ்டம். நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. டாக்டர் எழுதினது பொய்யா இருக்காதுன்னு அவங்க நம்பினாங்க.

என் சர்டிஃபிகேட் என்ன பண்ணுச்சு தெரியுமா? "எங்ககிட்ட இருந்தவரைக்கும் காயமே இல்லை, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்"னு சொல்றதுக்கு ஒரு ஆவணமாச்சு. அடிச்சது யாரா இருந்தாலும், அந்த அடியை இல்லாம ஆக்கினது என் பேனா.

வார்டு கேஸ் ஷீட்ல காயங்களை விவரமா எழுதினோம். ஆனா "என் முதல் சர்டிஃபிகேட் தப்பு, நான் அவனைச் சரியா பரிசோதிக்கவே இல்லை"ன்னு மாஜிஸ்திரேட்டுக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கணும். சீனியர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "எழுதினது எழுதினதுதான், நீயே போய் மாட்டிக்காத"ன்னார். நானும் மாட்டிக்கல.

தியேட்டர்ல இடைவேளையில எழுந்து வந்தது இதனாலதான். அந்த கோர்ட் சீன்ல மொழிபெயர்க்க ஒருத்தர் முன்வர்றார். நான் முன்வராதவன்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதை நான் படிச்சது அதுக்கப்புறம்தான். முன்னாடியே படிச்சிருக்கணும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 54-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கிற புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில 53-வது பிரிவு. கைது செஞ்ச உடனே ஒருத்தரை டாக்டர் பரிசோதிக்கணும். காயமோ வன்முறையோட அடையாளமோ இருந்தா எழுதணும். அது ஏறக்குறைய எப்ப ஏற்பட்டிருக்கும்னும் எழுதணும். அந்த ரிப்போர்ட்டோட நகலை, கைதானவருக்கோ அவர் சொல்ற ஆளுக்கோ கொடுக்கணும். அதாவது அந்தப் பரிசோதனை போலீஸுக்காக மட்டும் செய்யறது இல்லை. அது கைதானவரோட உரிமை.

டி.கே. பாசு வழக்கு கேள்விப்பட்டிருப்பீங்க. அவர் மேற்கு வங்கத்துல இலவச சட்ட உதவி அமைப்போட பொறுப்புல இருந்தவர். லாக்கப் மரணங்கள் பத்தி பேப்பர்ல வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி, 1986-ல உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவா எடுத்துக்கிட்டாங்க. 1996 டிசம்பர்ல தீர்ப்பு வந்தது. ஒரு கடிதம், பத்து வருஷம், 11 கட்டளைகள்.

அதுல சில: கைது மெமோவில சாட்சி கையெழுத்து வேணும். குடும்பத்துக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லணும். கேட்டா, கைது நேரத்துலயே காயங்களைப் பரிசோதிச்சுக் குறிக்கணும். காவல்ல இருக்கிறவரை 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பரிசோதிக்கணும்.

அரசியல் சாசனத்துலயே இருக்கு. 20(3): குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. 22: கைதுக்கான காரணத்தைச் சொல்லணும், விருப்பப்பட்ட வக்கீலைப் பார்க்க விடணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது. போலீஸ்கிட்ட கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது. வெள்ளைக்காரன் காலத்து 1872 சாட்சியச் சட்டத்துலயே அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். அப்புறம் ஏன் அடிக்கிறாங்க? ஒரு சின்ன வாசல் இருக்கு. அவர் சொன்னதை வச்சு ஒரு பொருளைக் கண்டுபிடிச்சா, அந்தப் பொருள் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். "எங்கடா வச்சிருக்க?"ன்னு கேட்டு அடிக்கிறது அந்த வாசலுக்காக.

நம்ம த்ரில்லர் படங்கள்ல ஹீரோ ரெண்டு அறை விட்டதும் வில்லன் உண்மையைக் கக்குவான். கை தட்டுவோம். ஒரு டாக்டரா சொல்றேன், வலி உண்மையைக் கொண்டு வராது. பயந்துபோன குழந்தையோட வயித்தை அழுத்தி "இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா"ன்னு கேட்டுக்கிட்டே இருங்க. எல்லா இடத்துலயும் "ஆமா"ன்னு சொல்லும். கையை எடுக்கணும், அவ்வளவுதான் அதுக்கு வேணும். அதை நம்பி அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணினா நான் மடையன்.

இப்ப உங்ககிட்ட ஒரு கேள்வி. கையிலயும் கால்லயும் மாவுக்கட்டோட நிக்கிற ஆளோட போட்டோவை, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்"னு சிரிக்கிற ஸ்மைலியோட நீங்க ஃபார்வர்டு பண்ணியிருக்கீங்களா? நான் பண்ணியிருக்கேன். எங்க டாக்டர்ஸ் குரூப்லயே வரும்.

வழுக்கி விழுறவங்க கையை ஊன்றுவாங்க. மணிக்கட்டு உடையும். அடியைத் தடுக்க கையைத் தூக்குறவங்களுக்கு முன்கையில சுண்டுவிரல் பக்க எலும்பு நடுவுல உடையும். அந்த முறிவுக்கு மருத்துவப் புத்தகத்துல பேரே 'நைட்ஸ்டிக் ஃபிராக்சர்'. நைட்ஸ்டிக்னா அமெரிக்கப் போலீஸ் வச்சிருக்கிற தடி. நாம சிரிக்கிறோம், எக்ஸ்ரே சிரிக்காது.

கமெண்ட்ல என்ன வரும்னு தெரியும். "உங்க வீட்ல திருட்டு நடந்தா இப்படிப் பேசுவீங்களா? பாதிக்கப்பட்டவனுக்கு மனித உரிமை இல்லையா?"

நியாயமான கேள்விதாங்க. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளைப் பரிசோதிச்சிருக்கேன். அன்னிக்கு ராத்திரி எனக்கும் கை துறுதுறுன்னு இருந்திருக்கு. அந்தக் கோபம் பொய்யில்லை.

ஆனா 2019 டிசம்பர் 6-ஐ ஞாபகப்படுத்துறேன். ஹைதராபாத்ல ஒரு பெண் கால்நடை மருத்துவர் கொலை வழக்குல கைதான நாலு பேரும் என்கவுன்டர்ல சுட்டுக் கொல்லப்பட்டாங்க. போலீஸ் மேல பூ தூவினாங்க, ஸ்வீட் கொடுத்தாங்க. எங்க குரூப்லயும் கொண்டாட்டம்தான். அப்புறம் உச்ச நீதிமன்றம் அமைச்ச சிர்புர்கர் ஆணையம் விசாரிச்சு, 2022-ல வெளியான அறிக்கையில, கொல்லும் நோக்கத்தோடதான் சுட்டாங்கன்னு சொல்லுச்சு. நாலு பேர்ல மூணு பேர் அப்ப பதினெட்டு வயசு ஆகாதவங்கன்னும் சொல்லுச்சு.

அவங்க குற்றவாளிகளா இருந்திருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய கோர்ட்டுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கல. கொல்லப்பட்ட அந்தப் பெண்ணுக்கும், யார் எப்படிச் செஞ்சாங்கன்னு நிரூபிச்சு எழுதின ஒரு தீர்ப்பு கடைசி வரை கிடைக்கல. பாதிக்கப்பட்டவங்களோட உரிமையும் அங்கதான் போச்சு. அடிச்சு முடிக்கிற கேஸ்ல நிஜக் குற்றவாளி வெளியே இருந்தா, அவன் அடுத்த வீட்டுக்குத்தான் போவான். அது நம்ம வீடாவும் இருக்கலாம்.

என் பையன் திருடினானா இல்லையான்னு நீங்க கேட்கலாம். ஆமா, இப்பல்லாம் அவனை "என் பையன்"னுதான் மனசுல சொல்லிக்கிறேன். திருடினானான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிறது என் வேலையும் இல்லை. சட்டையைக் கழட்டச் சொல்றதுதான் என் வேலை.

இப்ப நான் செய்யறது இதுதான். போலீஸ்காரங்களை, கண்ணுக்குத் தெரியற தூரத்துல, காதுக்குக் கேட்காத தூரத்துல நிக்கச் சொல்லுவேன். ஸ்கிரீனை இழுத்துவிட்டு, சட்டையைக் கழட்டச் சொல்லி, உள்ளங்கால் வரைக்கும் பார்ப்பேன். சிறுநீர் என்ன நிறம்னு கேட்பேன். பார்த்ததை அப்படியே எழுதுவேன். முகம் சுளிப்பாங்க, "லேட் ஆகுது சார்"னுவாங்க. ஒரு தடவை ஒரு எஸ்.ஐ. போனை என் காதுல வைக்கப் பார்த்தார். "எழுதிட்டேன் சார், இனிமே மாத்த முடியாது"ன்னேன். சீனியர் சொன்ன அதே வார்த்தை, இந்தத் தடவை நல்லதுக்கு. அந்த ஆளை மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

போலீஸ்காரங்க எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்லல. தூக்கமில்லாம, லீவு இல்லாம, மேலிருந்து வர்ற பிரஷரோட வேலை பார்க்கிறவங்க. ரெண்டு மணிக்கு என் முன்னாடி நின்ன அந்த ஏட்டும் நானும் ஒரே அளவு களைப்பாத்தான் இருந்தோம். 'விசாரணை' படமும் அதைத்தான் காட்டுது. கெட்ட ஆட்களை விட, "நம்ம கையில என்ன இருக்கு"ன்னு நினைக்கிற ஆட்களாலதான் அந்த மெஷின் ஓடுது.

கடைசியா, உங்களுக்கு உபயோகமா சில விஷயம். சேவ் பண்ணி வச்சுக்கோங்க:

• வீட்ல யாரையாவது கைது பண்ணினா, எந்த ஸ்டேஷன், என்ன காரணம்னு கேளுங்க. அது உங்க உரிமை.

• வக்கீலுக்குக் காசு இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட உதவி எண். காவல்ல இருக்கிறவர் இலவச வக்கீல் கேட்கலாம்.

• டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகும்போது, வலிக்கிற இடத்தைச் சொல்லச் சொல்லுங்க. பேச பயமா இருந்தா, காட்டினாலே போதும். ரிப்போர்ட் நகலைக் கேளுங்க.

• மாஜிஸ்திரேட் முன்னாடி நிக்கும்போது அடிபட்டிருந்தா சொல்லணும். சொல்றதுக்கான இடமே அதுதான்.

• அடிபட்டவருக்குச் சிறுநீர் டீ நிறத்துல போனாலோ, குறைஞ்சாலோ, அது எமர்ஜென்சி. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகள், ஹவுஸ் சர்ஜன்ஸ்: ராத்திரி ரெண்டு மணிக்கு மெமோவோட வந்து நிப்பாங்க. வெளியே ஆம்புலன்ஸ் காத்துக்கிட்டிருக்கும். மூணு நிமிஷத்துல முடிக்கத் தோணும். பத்து நிமிஷம் எடுத்துக்கோங்கப்பா. சட்டையைக் கழட்டச் சொல்லுங்க.

போன வாரம் படத்தைக் கடைசி வரைக்கும் பார்த்தேன். முடிஞ்சதும் டிவியை அணைச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்னிக்கு நான், "தெரியலம்மா"ன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டேன்.

இன்னிக்குச் சொல்றேன்மா. நான் பார்க்கல.